வாசலில் கழற்றிய சப்பாத்து

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி செயலாளர் பாலாஜி கேட்டார். அவர் சென்னையிலிருந்து வந்தவர், மென்பொருள் வேலை செய்பவர், எல்லோரையும் உற்சாகப்படுத்தியே பழகியவர். “சார், அந்த மண்சரிவு அனுபவத்த எழுதிக் குடுங்க. நீங்க ஒரு குடும்பத்தையே காப்பாத்தினீங்களே, எல்லாரும் படிக்கணும்” என்றார். நான் யாரையும் காப்பாற்றவில்லை என்றேன். “பாருங்க, இதத்தான் சொல்றேன்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தில் வரிசையாக வைத்தால் அப்படி எடுத்துக்கொள்வது கொஞ்சம் கடினமாக இருக்கும் என்று நம்புகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் பக்கம் மலை கிடையாது. மொட்டை மாடிக்கு ஏறினால் அதுதான் உயரம். படித்தது கட்டிட வரைபடம். இந்தத் தென்கோடி நாட்டுக்கு வந்த புதிதில், நகரத்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் அலுமினிய ஜன்னல் சட்டங்கள் வெட்டினேன், மாலையில் படித்தேன், பிறகு நகரசபை ஒன்றில் கட்டிடப் பரிசோதகரானேன். என் இளமையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பரிசோதகரின் வேலை பெரும்பாலும் மறையப்போகும் பொருள்களைப் பார்ப்பது. அத்திவாரக் குழியில் கம்பி சரியான உயரத்தில் நிற்கிறதா, வடிகால் குழாய் போதிய சாய்வோடு ஓடுகிறதா, குளியலறைச் சுவரில் ஓடு ஒட்டுவதற்கு முன் நீர் புகாத பூச்சு பூசியிருக்கிறார்களா. கொங்கிரீட் போட்ட பிறகு போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. நான் ஒழுங்கானவன், நேரத்துக்குப் போவேன், குறித்துக்கொள்வேன். குடியிருக்கும் வீடானால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி அலுவலகத்துக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளில் பாதி என் காலுறைகளைப் பற்றியவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். நகரத்தின் மேற்கே குன்றுகளும் மழைக்காடும் இருக்கின்றன. அந்தக் குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்குகள், அவற்றில் ஓடை, ஓடையை ஒட்டி ஒரே ஒரு வீதி, வீதியிலிருந்து செங்குத்தாக ஏறும் வாகனப்பாதைகளின் முடிவில் வீடுகள். மண் களிமண். நாள்கணக்காக மழை குடித்த களிமண் ஒரு கட்டத்தில் தன் பாரத்தைத் தானே தாங்காது. அப்படிச் சரிவுகள் தொடங்கும்போது எங்களில் சிலரை வழக்கமான வேலையிலிருந்து எடுத்து, வீடு வீடாகப் போய் ஸ்டிக்கர் ஒட்டும் குழுவில் போடுவார்கள். வெள்ளை என்றால் இருக்கலாம். மஞ்சள் என்றால் வீட்டின் ஒரு பகுதியை மட்டும், அல்லது கொஞ்ச நேரம் மட்டும் பாவிக்கலாம். சிவப்பு என்றால் உள்ளே கால் வைக்கக்கூடாது.

அந்தக் குழுவின் தலைவர் கொலின். மெலிந்த, நரைத்த வெள்ளைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார், அந்தக் காத்திருப்புத்தான் அவருடைய அதட்டல். வண்டியிலிருந்து நாங்கள் இறங்குவதற்கு முன் எங்கள் கால்களைப் பார்ப்பார். நாடா இரட்டை முடிச்சுப் போட்டிருக்கவேண்டும். போடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புரிந்துகொண்டு குனிந்து கட்டுவோம்.

“முதலில் வீட்டைப் பார்க்காதே. வீடு ஓடிவிடாது. மேலே பார்” என்பது அவருடைய முதல் பாடம். மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, வேலித் தூண்கள் நேற்றுவரை நேராக நின்றனவா, புல்லில் விரல் நுழையும் வெடிப்பு உண்டா, இதுவரை தண்ணீர் வராத இடத்திலிருந்து தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்வார். ஓடை கலங்கி ஓடினால் அவர் பதறமாட்டார். மழைக்குள் ஓடை திடீரென்று மெலிந்தால்தான் பதறுவார். மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்துவிட்டது என்று பொருள். வீட்டுக்காரரிடம் வெடிப்பைப் பற்றிக் கேட்கமாட்டார். “நேற்றுச் சாத்திய கதவு ஏதாவது இன்று சாத்த மறுக்கிறதா?” என்று கேட்பார்.

விதிகள் சிலதான். இருவராகப் போகவேண்டும். ஒருவர் வீட்டுக்காரரோடு பேசும்போது மற்றவர் விசிலோடு வெளியே நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பேசப்போகிறவர் “எப்படி வெளியே வருவாய்?” என்ற கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசலுக்குப் போகலாம். பூட்ஸ் காலை விட்டுக் கழலக்கூடாது. “மற்ற நாட்களில் கழற்று. நல்ல மனிதர்கள் கழற்றுவார்கள். இந்த நாட்களில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சேற்றோடு நட” என்பார்.

இன்னொன்றும் சொல்வார், அது எந்தக் கையேட்டிலும் இல்லை. “சிவப்பை ஒட்டிவிட்டு ஓடாதே. அவர்கள் திட்டி முடிக்கும்வரை அங்கேயே நில். அதுவும் ஸ்டிக்கரில் சேர்ந்ததுதான்.” அவர் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் அவருடைய மழைச்சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே அழுதார். கொலின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையில் மழை விழ நின்றார்.

நானும் விதிகளைக் கற்றுக்கொண்டேன். அப்படியொரு பள்ளத்தாக்கில், ஒரு மழைக்காலத்தில், தனியாக வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார முதியவரின் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறை முழுவதும் வெளிர்நிறக் கம்பளம். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மன்னியுங்கள், கழற்ற முடியாது” என்று சொல்லிவிட்டுக் கம்பளத்தின் நடுவே நடந்தேன். ஒவ்வொரு அடியும் அச்சுப்போல விழுந்தது. “உன் வீட்டிலும் இப்படித்தான் நடப்பாயா?” என்று கேட்டார். “அங்கே மலை இல்லை” என்றேன். வெளியே வந்ததும் கொலின் தலையை ஒருமுறை அசைத்தார். அது அவருடைய பாராட்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விதி எனக்குத் தெரியாது என்றோ, அதைப் பின்பற்ற எனக்குக் கூச்சம் என்றோ யாரும் எனக்காகப் பேசக்கூடாது.

பாலாஜி சொன்ன குடும்பத்தின் தலைவர் தயாபரன்; அவர் வீட்டுக்குப் போனது அதே பள்ளத்தாக்கில், வேறொரு மழைக்காலத்தில். பல நாள் மழைக்குப் பிறகு அன்று காலை தூறல் மட்டும். பள்ளத்தாக்கின் மேல்முனையில் ஏற்கெனவே ஒரு சரிவு வந்து வீதியை மூடியிருந்தது. நானும் கொலினும் கீழிருந்து வீடு வீடாக வந்தோம். அந்த வீட்டு வாகனப்பாதை தொடங்கும் வீதியோரப் படலையில், கேட்டடியில், நின்று கொலின் வெகுநேரம் மேலே பார்த்தார். வீட்டின் பின்னால் மேடு நேராக எழுந்தது. அதில் நின்ற மரப்பன்னைகள், மரம்போல உயர்ந்த பெரணிகள், எல்லாம் வீட்டுப் பக்கமாகத் தலைகுனிந்திருந்தன. மேட்டின் நடுவே, புல்லில், ஒரு கறுத்த கோடு.

“சிவப்பு” என்றார். “உள்ளே போகத் தேவையில்லை. வாசலில் நின்று சொல். மருந்து, பாஸ்போர்ட், கார்ச் சாவி. வேறொன்றும் எடுக்கவேண்டாம். எப்படி வெளியே வருவாய்?”

“முன்கதவு, வாகனப்பாதை, படலை, வலப்பக்கம் வீதி.”

“சரி.” விசிலை வாயில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்க்கத் திரும்பினார்.

வாகனப்பாதையில் ஒருவர் காரின் பின்பக்கம் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்கதவில் ஒரு பெண். நெற்றியில் திருநீறு. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டார்.

“அண்ணை, தமிழோ?”

“ஓம் தங்கச்சி.”

“அப்பாடா! தயா, இஞ்ச பாருங்கோ, எங்கடை ஆள் ஒராள் வந்திருக்கிறார்!”

பைகளோடு நின்றவர் சிரித்தார். “இவ்வளவு காலமும் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பள்ளத்துக்குள்ளை எட்டிப் பாக்கேல்லை. மலை இறங்கி வந்தாத்தான் நீங்களும் வருவியள் போலை.” விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் மனைவி மாலதி.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். மாலதி கேட்டார், ஆனால் நம்பவில்லை. “சிவப்பெண்டா திரும்பி வரேலாதே அண்ணை? சாமியறைச் சுவரிலை மட்டும்தான் ஒரு வெடிப்பு. மற்றதெல்லாம் நல்லா இருக்கு. ஒருக்கா உள்ளுக்கு வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ. மற்றவை சொன்னா ஏதோ சட்டத்துக்குச் சொல்லினம் எண்டு நினைப்பன். நீங்கள் சொன்னா நம்புவன்.”

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுவரில் வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேடு அதே மேடுதான். கொலின் முடிவு செய்துவிட்டார். அது சரியான முடிவு. ஆனால் “நீங்கள் சொன்னா நம்புவன்” என்று ஒருவர் சொன்னதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. அவருடைய வீட்டை எடுத்துக்கொள்ள வந்தவன் நான். எடுத்துக்கொண்ட பிறகும் அவர் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லவேண்டும் என்று விரும்பினேன்.

வாசலில் குனிந்து, இரட்டை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றிச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தேன். வெளிர்நிறக் கம்பளத்தில் சேற்றோடு நடந்த அதே பூட்ஸ். ஒரு தமிழன் சாமியறைக்குள் சப்பாத்தோடு வந்தான் என்று நாளைக்குக் கோயிலில் யாராவது சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான். பக்தி என்று நினைக்கவேண்டாம்; நான் கோயிலுக்குப் போவது அன்னதானத்துக்கு.

சாமியறை வீட்டின் பின்புறத்தில், மேட்டை ஒட்டி இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பு கூரையிலிருந்து தரைவரை சாய்வாக ஓடியது. கதவை இழுத்தேன், சட்டத்தில் இறுகி அசைய மறுத்தது. “தங்கச்சி, இனி இஞ்ச இருக்கேலாது” என்றேன். அவர் வெடிப்பைத் தொட்டுப் பார்த்தார். “ஓம் அண்ணை” என்றார். படங்களை எடுக்கட்டுமா என்று கேட்டார். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை எடுக்கச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்டது.

கொலின் நிறுத்தாமல் ஊதினார். விசிலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம், லொறி ஒன்று சரளைக்கல்லைக் கொட்டுவது போல. மாலதி வெறுங்காலோடு பறந்துவிட்டார். நானும் வாசல்வரை ஓடினேன். நான் உட்கார்ந்தேன். வலது பூட்ஸை எடுத்துக் காலை நுழைத்தேன். ஈரத்தில் ஊறிய கணுக்கால் உயரப் பூட்ஸ், நாடா முழுதும் தளர்த்தாமல் கால் போகாது. நான் நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

தயாபரன் அப்போது காரைப் படலைக்கு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, காரடியில், பத்திரமாக நின்றார். மனைவி வந்துவிட்டார். அவர் திரும்பி வந்திருக்கத் தேவையே இல்லை.

“டேய் விசரா! விடடா சப்பாத்தை! எழும்பு!” என்று கத்திக்கொண்டு வாகனப்பாதையில் ஏறி வந்தார். என் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கினார். ஓடினோம். ஈரக் களிமண்ணில் காலுறை நிற்காது. பாதி வழியில் சறுக்கி விழுந்தேன். அவர் எனக்காக நின்று, குனிந்து, என்னைத் தூக்கி முன்னால் தள்ளினார். நான் படலையைத் தாண்டி வீதியில் விழுந்தேன். சேற்றோடு வந்த ஒரு மரத்தண்டு அவருடைய இடது காலைப் படலைத் தூணோடு சேர்த்து அழுத்தியது.

அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. மண் வீட்டின் பின்பாதியை நிரப்பி, வாகனப்பாதையில் இறங்கி, படலையோடு நின்றுவிட்டது. கொலினும் நானும் கையாலேயே சேற்றைத் தோண்டினோம். தீயணைப்புப் படையினர் வந்து தண்டை அறுத்தார்கள். மாலதி வீதியில் குந்தியிருந்து கணவனின் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அம்புலன்ஸ் போன பிறகு கொலினிடம் போய், “நான் உள்ளே போனேன். பூட்ஸைக் கழற்றினேன்” என்றேன்.

“தெரியும்” என்றார். “உன் கால்களைப் பார்த்தேன்.”

வண்டியின் பின்னாலிருந்து தன்னுடைய ரப்பர் பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். “போட்டுக்கொள். இன்னும் வீடுகள் இருக்கின்றன.” அவை எனக்குப் பெரியவை. அன்று மாலைவரை அவற்றைச் சளக் சளக்கென்று இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் நானே சொன்னேன், கண்டித்தார்கள், பிறகு வரைபடங்களைச் சரிபார்க்கும் மேசை வேலைக்குக் கேட்டுப் போனேன். ஓய்வு வயதுக்குச் சில ஆண்டுகள் முன்பே விலகினேன். இப்போது அந்தக் குழுவினர் முதலில் ட்ரோனை மேட்டுக்கு அனுப்புகிறார்களாம். சிவப்பு என்று தெரிந்தால் வாசலுக்கே போகாமல் படலையிலிருந்து கூப்பிடுகிறார்களாம். நல்லது. ட்ரோனுக்குக் கால் இல்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். நம்மவர்களிடையேதான் கதை வேறு மாதிரிப் போனது. அன்று யாரோ எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் மஞ்சள் மேலங்கியோடு, உடம்பெல்லாம் சேறாக நான் நடக்கிறேன். படம் இடுப்போடு வெட்டப்பட்டிருந்தது. “தமிழ் அதிகாரியின் துணிச்சல்” என்று மேலே எழுதியிருந்தார்கள். சங்கத்துத் தீபாவளி விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். மேடையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துப் போனேன். சொன்னேன். “என்னைக் காப்பாற்றியவர் தயாபரன். அவருடைய கால் போனது என்னால்” என்று ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னேன். பிறகு பாலாஜி, “இந்தத் தன்னடக்கம் இருக்கே, இதுதாங்க நம்ம பண்பாடு!” என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. தோளில் பொன்னாடை விழுந்தது.

இரண்டாவது வரிசையில் மாலதி தனியாக உட்கார்ந்திருந்தார். தயாபரன் அப்போது மூன்றாவது சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். மாலதியின் கைகள் மடியில் இருந்தன. விழா முடிந்து கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை.

“அண்ணை, அந்தச் சால்வையை அங்கையே வைச்சிட்டு வந்திருக்கலாம்” என்றார்.

அது என் தோளிலேயே கிடந்தது. எனக்குத் தோன்றவேயில்லை.

தயாபரனின் காலை வெட்டாமல் மருத்துவர்கள் காப்பாற்றினார்கள், ஆனால் கணுக்கால் மடங்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. வெகுகாலம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, இப்போது அதே களஞ்சியத்தில் வந்துபோகும் லொறிகளைப் பதியும் மேசையில் தயாபரன் இருக்கிறார். வீட்டை இடித்துவிட்டார்கள். நகரத்துக்குள், சான்ட்ரிங்ஹாமில், வாடகைக்கு இருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கப் போவதுண்டு. ஆரம்பத்தில் அடிக்கடி போனேன். பழம் வாங்கிக்கொண்டு போய், உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவேன்: நான் உள்ளே வந்திருக்கக்கூடாது, நான் கழற்றியிருக்கக்கூடாது, நீங்கள் திரும்பி வந்திருக்கக்கூடாது. அவர் “விடுங்கோ அண்ணை, நடந்தது நடந்திட்டுது” என்பார். நான் கண்கலங்குவேன். அவர் என் தோளைத் தட்டுவார். வீடு திரும்பும்போது எனக்கு மனம் கொஞ்சம் லேசாக இருக்கும். இதைப் பலமுறை செய்திருக்கிறேன்.

ஒருநாள் நான் தொடங்குவதற்கு முன்பே அவர் கையை உயர்த்தினார்.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டே? கோவிக்கப்படாது.”

“சொல்லுங்கோ தம்பி.”

“நீங்கள் வந்து மன்னிப்புக் கேக்கிறியள். நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டிக் கிடக்கு. நீங்கள் ஆறுதலா வீட்டை போறியள். பிறகு நான் விடியுமட்டும் நித்திரையில்லாமல் கிடக்கிறன். வேலையாலை வந்தா இது எனக்கு இன்னொரு வேலை, அண்ணை.”

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாலதி கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. மன்னிக்கவேண்டும் என்றுதான் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பூட்ஸைக் கழற்றியது ஒரு கணத்தின் மடத்தனம். அதற்குப் பிறகு மாதக்கணக்காக, நொறுங்கிய காலோடு இருப்பவரிடம் போய் என் பாரத்தையும் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை யாரும் மேடையில் தன்னடக்கம் என்று சொல்லமாட்டார்கள்.

“வராமல் விடட்டோ?” என்று கேட்டேன்.

“வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? வாங்கோ. வேறை ஏதும் கதையுங்கோ.”

வேறு எதைக் கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தொலைக்காட்சியைப் போட்டார். கிரிக்கெட். மழையால் ஆட்டம் நின்று மைதானத்தை மூடியிருந்தார்கள். மாலதி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நாரி நோகுது என்று சொல்லிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். மூடிக்கிடந்த மைதானத்தை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தயாபரன் வழக்கம்போல இடது காலைத் தூக்கிச் சின்ன மேசையில் நீட்டி வைத்தார். நான் அதற்கு மேலாகத் தொலைக்காட்சியைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், கோப்பையைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் அந்தக் காலைப் பார்க்காமல் இருந்து வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

“பாக்கலாம் அண்ணை” என்றார் தயாபரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கடிக்காது.”

பார்த்தேன்.